‘உள்ளமைவு’ போதுமா, ‘முறைவைப்பு’ வேண்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அக்கா போன வாரம் அனுப்பிய கலைச்சொல் பட்டியலில் மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு சொல்தான் தொண்டையில் நிற்கிறது. கட்டடக் கோப்பின் மேல் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதிவைப்பதற்கு அவர் தந்த சொல்:

> செயலாக்கப் படிநிலை உள்ளமைவு

இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் கணினியில் கட்டட மாடல் போடும் தம்பியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நிமிடம் முழித்துவிட்டு, “கான்ஃபிக் ஃபைலா அண்ணே?” என்றான். கான்ஃபிக் (configuration) என்ற இரண்டு அசையோடு மோத வேண்டிய சொல், மூச்சு வாங்குகிற நீளத்தில் இருந்தால் தோற்றுத்தான் போகும்.

பிம் பக்கம் வராதவர்களுக்காக விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிம் (BIM), அதாவது கட்டடத் தகவல் மாதிரி என்பது வெறும் முப்பரிமாணப் படம் இல்லை. ஒவ்வொரு சுவரும் தூணும் விட்டமும் தன்னைப் பற்றிய தகவலோடு அதில் உட்கார்ந்திருக்கும். ஒரு மென்பொருளில் செய்ததை இன்னொன்றில் திறப்பதற்காக ஐஎஃப்சி (IFC) என்று ஒரு பொதுக் கோப்பு வடிவம் உண்டு. 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் அது பன்னாட்டுத் தரமானது. 2024இல் வந்த பதிப்பில் சாலை, பாலம், ரயில்பாதை எல்லாம் சேர்ந்தன. கோப்பை நோட்பேடில் திறந்தால் # போட்டு ஓர் எண், ஒரு சமக்குறி, அப்புறம் ஒரு பொருளின் விவரம் என்று வரிவரியாக ஓடும்.

அந்தக் கோப்பை அப்படியே யாரிடமும் கொடுத்துவிட முடியாது. கேட்டவருக்கு வேண்டிய பொருள்களை மட்டும் பொறுக்க வேண்டும். மில்லிமீட்டரை மீட்டராக்க வேண்டும். கட்டடத்தை நிலவரைபடத்தில் அதன் இடத்துக்கு நகர்த்த வேண்டும். விடுபட்ட பண்புகளை நிரப்ப வேண்டும். கடைசியில் எல்லாம் சரியா என்று சோதிக்க வேண்டும். இந்த வேலைகளை எந்த வரிசையில், எந்த அளவுகளோடு நடத்துவது என்று ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறோமே, அந்தக் காரியத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

‘உள்ளமைவு’ ஏன் போதவில்லை என்பதற்கு என் தலையில் விழுந்த குட்டு ஒன்றையே சாட்சியாகச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கூடம். மாடல் மில்லிமீட்டரில் இருந்தது. உலகை மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் (UTM) முறையில், தஞ்சாவூர் 44ஆம் வடக்கு மண்டலத்தில் வருகிறது. அதன் கணக்குப்படி அந்த ஊர் ஏறக்குறைய கிழக்கில் 3 லட்சம் மீட்டர், வடக்கில் 12 லட்சம் மீட்டர். நகர்த்தும் படியில் அந்த எண்களைச் சரியாகத்தான் எழுதினேன். அலகு மாற்றும் படியிலும் தவறில்லை. ஆனால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். முதலில் நகர்த்தல், பிறகு அலகு. கோப்பு இன்னும் மில்லிமீட்டரில் இருந்ததால் 3 லட்சம் என்றதை அது 3 லட்சம் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. அதாவது 300 மீட்டர். வடக்கே 1,200 மீட்டர். 44ஆம் மண்டலத்தின் எண்ணிக்கை தொடங்கும் புள்ளி பூமத்திய ரேகையில் இருக்கிறது. ஆக, நம் சமுதாயக் கூடம் மாலத்தீவுக்குக் கிழக்கே நடுக்கடலில் போய் நின்றது. மேடை, சாப்பாட்டுக் கூடம், கழிப்பறை எல்லாம் ஒரு செங்கல் பிசகாமல்!

எந்தப் படியின் உள்ளும் பிழை இல்லை. பிழை வரிசையில் இருந்தது. ‘உள்ளமைவு’ ஒரு பொருளின் உள்ளே பார்க்கச் சொல்கிறது. நான் பார்த்திருக்க வேண்டியதோ எதற்குப் பிறகு எது என்று.

முதலில் ‘மடை’ என்று யோசித்தேன். திறக்கலாம், மூடலாம், பாதி உயரத்தில் நிறுத்தலாம். ஆனால் மடை தண்ணீரை மாற்றாது. நம் படிகள் தரவை மாற்றுகின்றன. அந்த வகையில் ரைஸ் மில்தான் நெருக்கம். ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அப்புறம்தான் அரைவை. காயாத நெல்லை மெஷினில் விட்டால் என்ன ஆகும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மில்லிலிருந்து எடுத்துக்கொள்ளத் தோதான ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் நம் ஆற்றிலேயே இருந்தது. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் ‘முறை வைத்து’ விடுகிறார்கள். கல்லணையிலிருந்து இத்தனை நாள் காவிரிக்கு, இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு. யார் முதலில், யார் அடுத்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் ‘முறை வைப்பது’ என்ற ஒரே வினையில் அடங்கிவிடுகிறது. எனவே என் முன்மொழிவு: முறைவைப்பு. கோப்புக்கு முறைவைப்புக் கோப்பு.

கும்பகோணத்திலிருந்து

* * *

தம்பிக்கு,

சமுதாயக் கூடத்தைக் கடலில் கட்டிய கதை நன்றாக இருந்தது. ஆனால் சொல்லை நான் ஒப்பவில்லை. பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் (பாருங்கள், இங்கேயே ஒரு முறை வந்துவிட்டது) இரண்டு தடைகள் சொல்கிறேன்.

ஒன்று, முறை வைப்பது பற்றாக்குறையின் ஏற்பாடு. ஆறு நிறைய ஓடும்போது முறை கிடையாது. ஜூன் 12க்கு அணை திறந்து தண்ணீரும் தாராளமாக இருந்தால் யாரும் அந்தச் சொல்லை எடுக்கவே மாட்டார்கள். முறை என்றாலே விவசாயி வயிற்றில் புளி கரைக்கும். உங்கள் கோப்பில் என்ன பஞ்சம்?

இரண்டாவதுதான் முக்கியம். முறையில் ஒருவருக்கு விடும்போது மற்றவருக்கு அடைப்பு. காவிரிக்குப் போன தண்ணீர் திரும்பி வந்து வெண்ணாற்றில் ஓடாது. உங்கள் தரவோ ஒரு படி விடாமல் எல்லாப் படியையும் தாண்டிப் போகிறது. உவமை கால் ஊன்றவில்லை.

ரெகுலேட்டருக்கு ‘நீரொழுங்கி’ என்று பலகையில் எழுதிவைத்திருக்கிறோமே, அந்த ‘ஒழுங்கு’ ஆகாதா? ‘படியொழுங்கு’ என்று வைத்துப் பாருங்கள்.

திருவாரூரிலிருந்து

* * *

இருவருக்கும்,

பட்டியல் போட்டவள் நான், என் சொல்லை நானே கொஞ்சம் காப்பாற்றிக்கொள்கிறேன். மென்பொருள் திரைகளில் ‘உள்ளமைவு’ ஏற்கெனவே பரவிவிட்டது. அதை முழுக்கத் தள்ளினால் படிப்பவர் இரண்டு சொல்லைச் சுமக்க வேண்டும். ஒரு தனிப் படியின் உள்ளே செய்யும் அமைப்புக்கு அது இருக்கட்டும். தம்பி தேடுவது அதற்கு மேலே இருக்கும் ஒன்று; அந்த வேறுபாட்டை நான் பார்க்கத் தவறியது உண்மை.

‘படியொழுங்கு’ எனக்குப் பள்ளிக்கூட வராந்தாவை நினைவூட்டுகிறது, மன்னியுங்கள் ஐயா. ஒழுங்கு என்பது முடிந்துபோன நிலை. நாம் கேட்பது செய்கிற வேலை.

ஐயாவின் இரண்டாவது தடைக்குக் கோயிலில் பதில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலில் அர்ச்சகருக்கு முறை உண்டு, நாகசுரக்காரருக்கு முறை உண்டு. ‘இந்த மாசம் யார் முறை?’ என்றுதான் கேட்போம். அங்கே பஞ்சமும் இல்லை, அடைப்பும் இல்லை. சாமி இருந்த இடத்தில் இருக்கிறது. முறைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தங்கள் வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்கள். கோப்பும் அப்படித்தானே? அது ஒன்றுதான், படிகள்தான் முறைக்கு வருகின்றன.

ஒரே கவலை, ‘முறை’ ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. செய்முறை, இரண்டு முறை, மாமன் முறை. ‘வைப்பு’ சேர்ந்து வருவதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து

* * *

அக்கா, ஐயா,

ஆற்றை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன். அக்கா சொன்ன ‘சாமி இருந்த இடத்தில்’ என்பது தொழில்நுட்பத்துக்கும் பொருந்துகிறது. ஐஎஃப்சியில் ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. எத்தனை படி தாண்டினாலும் அது மாறக்கூடாது. ஏதாவது ஒரு படி அதைப் புதிதாக எழுதிவிட்டால், வாங்குபவர் மென்பொருளில் பழைய சுவரெல்லாம் இடிந்து புதிதாகக் கட்டியதுபோல் காட்டும். முறைக்காரர் மாறலாம், மூலவரை மாற்றக்கூடாது.

படிக்குள்ளே எழுதும் எண்களுக்கு மட்டும் ‘உள்ளமைவு’ கனமாகத்தான் தெரிகிறது. பள்ளிக் கணினிப் புத்தகத்தில் ‘அளபுரு’ (parameter) இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். படி என்றால் ஏறுகிற படியும் அளக்கிற படியும் என்பதால் ‘படியளவு’ என்று ஓர் ஆசை வந்தது. நெல் வியாபாரி கணக்கு மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சிரித்துவிட்டார்கள். கைவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லணும். ஐஎஃப்சி பேட்ச் என்ற கட்டற்ற கருவியில் ஒவ்வொரு வேலையையும் ரெசிபி என்கிறார்கள். அதற்குப் ‘பக்குவம்’ என்று முன்பு இங்கே ஒருவர் சொன்னார். அழகான சொல். ஆனால் பக்குவம் கையில் இருப்பது, கோப்பில் எழுதிக் கொடுத்து வருவதில்லை. ரெசிபி இப்போதைக்கு ரெசிபியாகவே இருக்கட்டும்.

ஆக, பட்டியலில் இப்படித் திருத்தலாமா: தனி வேலை ஒவ்வொன்றும் படி, அதற்குக் கொடுக்கும் மதிப்பு அளபுரு, ஒரு படிக்குள் செய்யும் அமைப்பு உள்ளமைவு, எல்லாப் படிகளையும் வரிசையும் அளவும் குறித்து எழுதிவைப்பது முறைவைப்பு.

ஒரு படியைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதற்கு என்ன சொல்வது என்று மட்டும் தெரியாமல் இருந்தேன். ‘முடக்கு’ நன்றாக இல்லை, ‘செயலிழக்கச் செய்’ இன்னும் மோசம். நேற்று சாயங்காலம் எங்கள் அலுவலகத் தம்பி வேலையை முடித்துவிட்டு வாட்ஸப்பில் அனுப்பியதை அப்படியே கீழே போடுகிறேன். முறைவைப்பு என்ற சொல்லை மட்டும்தான் நான் அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

> அண்ணே முறைவைப்புல நாலாவது படிய மூடிட்டேன். சோதனை முடிஞ்சதும் தொறந்துக்கலாம்.

திற, மூடு. ஐயா, மடை வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது.

கும்பகோணத்திலிருந்து