சிங்கப்பூர் பஸ்: இறங்கும்போதும் அட்டையைத் தட்டணுமா?

புதுவரவு:
அடுத்த மாசம் வேலைக்காக சிங்கப்பூர் வர்றேன். கண்டக்டர் கிடையாது, அட்டைதான்னு சொல்றாங்க. ரெண்டு பஸ் மாறிப் போனா ரெண்டு தடவை முழுக் கட்டணமா? இறங்கும்போது தட்ட மறந்தா என்ன ஆகும்?

தேக்காவாசி:
முன் கதவில் ஏறினதும் தட்டுங்க, பின் கதவில் இறங்கும்போது பஸ்ஸுக்குள்ளேயே தட்டிட்டு இறங்குங்க. கட்டணம் தூரத்துக்குத்தான். இறங்கும்போது தட்டலைன்னா நீங்க எங்க இறங்கினீங்கன்னு மெஷினுக்குத் தெரியாது. அந்தப் பஸ்ஸோட கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு பிடிச்சிடும். அதுக்காக முன்கூட்டியே தட்டிடாதீங்க. முந்தின நிறுத்தத்தைத் தாண்டி, உங்க நிறுத்தம் நெருங்கும்போதுதான் தட்டணும். அதுக்கு முன்னாடி தட்டினா குறைஞ்ச கட்டணம் விழும், பரிசோதகர் ஏறினா அது ஏமாத்தினதாத்தான் கணக்கு.

பஸ் மாறினா ஒரே பயணமாத்தான் சேரும். இறங்கினதிலிருந்து 45 நிமிஷத்துக்குள்ள அடுத்ததில் ஏறணும், மொத்தம் 2 மணி நேரத்துக்குள்ள, அதிகபட்சம் 5 மாற்றம். பலர் ஏமாறுற இடம் ஒண்ணு: இறங்கின அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினா மாற்றமா எடுத்துக்காது, புதுக் கட்டணம். ரொக்கம் போட்டாலும் இந்தச் சலுகை கிடையாது, மீதிச் சில்லறையும் வராது.

நீலக்குடை:
ஒரு விஷயம் சேர்த்துக்கோங்க. ஊர் வங்கியோட தட்டிப் பணம் கட்டுற விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டினா வேலை செய்யும், ஆனா வெளிநாட்டு அட்டைன்னு பயணம் செய்யுற ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு கூடுதலா பிடிப்பாங்க. தினம் போறவங்க இங்கேயே ஈசி-லிங்க் (முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற பயண அட்டை) வாங்கிடறது மேல். ஏறும்போது போன், இறங்கும்போது அதே வங்கி அட்டைன்னு தட்டாதீங்க. மெஷினுக்கு அது ரெண்டு வேற அட்டை. பர்ஸோட தட்டினாலும் உள்ள இருக்கிற ரெண்டு அட்டை மோதிக்கும்.

அப்புறம், பஸ் தானா நிக்காது. உங்க பஸ்ஸோட எண் கண்ணில் பட்டதும் கையை நீட்டுங்க.

தேக்காவாசி:
ஆமா, அதை விட்டுட்டேன். நிறுத்தப் பலகையில் 5 இலக்க எண் இருக்கும், செயலியில் அதைப் போட்டா எத்தனை நிமிஷத்தில் பஸ் வரும்னு தெரியும். பேரை நம்பாதீங்க, சாலையோட ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பேர்தான். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் இன்னொரு குழப்பம்: சிராங்கூன் சாலை அங்க ஒருவழி. போன சாலையிலேயே எதிர்ப்பக்கம் நின்னு காத்திருக்காதீங்க, திரும்பற பஸ் ஜாலான் புசார் வழியா வரும்.

நடைராஜா:
நடக்கறதுக்கு: பாதசாரிகள் கடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ள வேற எங்கேயும் ரோட்டைத் தாண்டினா குற்றம். சிக்னல் கம்பத்தில் இருக்கிற பட்டனை அழுத்துங்க, அழுத்தலைன்னா பல இடத்தில் கடக்கலாம்னு காட்டுற பச்சை மனுஷன் விளக்கு வரவே வராது. பச்சை மின்ன ஆரம்பிச்சா பாதி ரோட்டில் இருக்கறவங்க முடிக்கத்தான் அந்த நேரம், புதுசா இறங்காதீங்க. மழைன்னா வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளோட கீழ்த்தளம் வழியாப் போங்க. எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கம் நெருங்கிட்டா பெரும்பாலும் கூரை போட்ட நடைபாதை கிடைச்சிடும்.

புதுவரவு:
ரொம்ப நன்றிங்க. அப்போ வந்ததும் முதல்ல ஈசி-லிங்க்.