தேடினால் பழைய மெயில் வரவில்லை: இன்டெக்ஸை அழிக்கலாமா?

ஃபோர்ட்_குமாஸ்தா:
மும்பை பாலார்ட் எஸ்டேட்டில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை. போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. சர்வீஸ் ஆள் தண்டர்பேர்டு என்கிற மெயில் புரோகிராமைப் போட்டு, ஐமேப் கணக்கை (மெயில் சர்வரிலேயே இருக்கிற வகை) இணைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து, மேலே இருக்கிற தேடல் பெட்டியில் கன்டெய்னர் நம்பரைப் போட்டால் சமீபத்திய மெயில்தான் வருகிறது. 2023 மெயில் எதுவும் வருவதில்லை. ஃபோல்டரைத் திறந்து உருட்டிக்கொண்டே போனால் அந்த மெயில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது! பழைய பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்கிற பத்திரம்) ஒன்றைப் பற்றி கஸ்டம்ஸிலிருந்து கேள்வி வந்திருக்கிறது, சேட் தலைமேல் நிற்கிறார். இன்டெக்ஸ் ஃபைலை, அதாவது தேடலுக்கான அட்டவணையை, அழித்தால் சரியாகும் என்கிறார்கள். அழிக்கலாமா? மெயில் போய்விடாதே?

செம்பூர்_சேகர்:
தாராளமாக அழிக்கலாம் சார். அது வெறும் அட்டவணை, மெயில் அதில் இல்லை. ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து வையுங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு, 'குளோபல்-மெசேஜஸ்-டிபி.எஸ்க்யூலைட்' என்கிற ஃபைலைத் தூக்குங்கள். மறுபடி திறந்தால் அதுவே புதிதாகக் கட்டிக்கொள்ளும். எதுவரை வந்திருக்கிறது என்று டூல்ஸ் மெனுவில் ஆக்டிவிட்டி மேனேஜர் காட்டும். எங்கள் ஆபீஸில் யாருக்குத் தேடல் மக்கர் செய்தாலும் முதல் வேலை இதுதான்.

டோம்பிவிலி_அக்கா:
கொஞ்சம் பொறுங்கள். சேகர் சொன்ன வழி சரி, நேரம்தான் சரியில்லை.

குமாஸ்தா சார், ஒரு சின்னச் சோதனை. அந்த 2023 மெயிலின் சப்ஜெக்ட்டில் இருக்கிற ஒரு சொல்லைத் தேடுங்கள். அப்புறம் மெயிலுக்கு உள்ளே மட்டும் இருக்கிற ஒரு சொல்லைத் தேடுங்கள். இரண்டுமே வரவில்லை என்றால் இன்டெக்ஸ் கெட்டிருக்கலாம். சப்ஜெக்ட் வந்து உள்ளே இருப்பது வரவில்லை என்றால், மெயிலின் உடல் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரவே இல்லை. நீங்கள் க்ளிக் செய்யும்போதுதான் சர்வரிலிருந்து வருகிறது. இல்லாத சரக்குக்கு எத்தனை தடவை அட்டவணை போட்டு என்ன பயன்?

செம்பூர்_சேகர்:
அக்கா, அவருக்கு அவசரம். சோதனை, செட்டிங்ஸ் என்று அலைவதற்குள் அழித்துக் கட்டிவிடலாம். நஷ்டம் என்ன?

டோம்பிவிலி_அக்கா:
நேரம்தான் நஷ்டம். வருஷக்கணக்கான மெயில் இருக்கிற பெட்டி. மறுபடி கட்டி முடிக்கிற வரை இப்போது கிடைக்கிறதும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். சேட் நிற்கிற நேரத்தில் அது வேண்டுமா?

இன்றைக்கே அந்த மெயில் வேண்டுமென்றால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் அழுத்துங்கள். தனி ஜன்னல் திறக்கும். அதில் 'ரன் சர்ச் ஆன் சர்வர்' என்பதை டிக் செய்து, 'பாடி'யில் (மெயிலின் உடல்) நம்பரைக் கொடுங்கள். சர்வரே தேடித் தரும், உங்கள் இன்டெக்ஸ் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

வாஷி_ராமன்:
இதெல்லாம் எதற்கு? ப்ரவுசரில் மெயிலைத் திறந்து தேடுங்கள். டெஸ்க்டாப் புரோகிராம் காலம் முடிந்துவிட்டது.

செம்பூர்_சேகர்:
ராமன் சார், கிளியரிங் ஆபீஸில் நாலு பேர் ஒரே கணக்கைப் பார்ப்பார்கள். பழைய ஆர்க்கைவ் எல்லாம் லோக்கல் ஃபோல்டரில்தான் கிடக்கும். அது ப்ரவுசரில் வராது.

ஃபோர்ட்_குமாஸ்தா:
சர்வர் வழியில் தேடினேன், மெயில் கிடைத்துவிட்டது. சேட் இடத்துக்குப் போய்விட்டார், நன்றி. சோதனையும் செய்தேன்: சப்ஜெக்ட்டில் இருக்கிற கம்பெனி பெயர் வருகிறது, உள்ளே இருக்கிற கன்டெய்னர் நம்பர் வரவில்லை. அக்கா சொன்ன இரண்டாவது வகைதானே? இனி?

டோம்பிவிலி_அக்கா:
அதேதான். அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறங்கள். மெயிலைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கச் சொல்லும் டிக் இருக்கிறதா பாருங்கள். அதற்குக் கீழே எல்லா மெயிலையும் இறக்கு என்று ஒன்று, கடைசி இத்தனை நாள் மட்டும் என்று ஒன்று. உங்களுக்கு இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் கை பதறாமல் வேலை செய்யுங்கள். இன்னும் கீழே இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு பகுதி வரும், அதுவும் நாள் கணக்குதான் கேட்கும். அது கம்ப்யூட்டரில் இருக்கிற பிரதியை மட்டுமல்ல, சர்வரில் இருக்கிற அசல் மெயிலையும் சேர்த்து அழிக்கும். அங்கே 'எதையும் அழிக்காதே' என்பதிலேயே புள்ளி இருக்கட்டும். உங்கள் மாதிரி கிளியரிங் ஆபீஸுக்கான 2018 கஸ்டம்ஸ் புரோக்கர் விதிமுறைப்படி குறைந்தது ஐந்து வருஷம் ரெக்கார்டு வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் யாராவது 30 என்று போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபோர்ட்_குமாஸ்தா:
பார்த்தேன். கடைசி 30 நாள் மட்டும் என்றுதான் வைத்திருக்கிறார். கீழ்ப்பகுதி, நல்ல வேளை, தொடப்படவில்லை. மேலே 'எல்லாம்' என்று மாற்றிவிட்டேன், இறங்க ஆரம்பித்திருக்கிறது.

செம்பூர்_சேகர்:
சரி, இறங்கி முடிந்ததும் நான் சொன்ன ஃபைலை அழியுங்கள் சார். முழு மெயிலும் கையில் இருக்கும்போது இன்டெக்ஸ் முதலிலிருந்து கட்டினால் ஒன்றும் விட்டுப்போகாது. ஆக, கடைசியில் என் வேலைதான் ஆக வேண்டியிருக்கிறது.

டோம்பிவிலி_அக்கா:
கடைசியில், தம்பி. முதலில் இல்லை. இறங்குவதற்கு முன்னால் அழித்திருந்தால் இதே பட்டியல்தான் திரும்ப வந்திருக்கும், அப்புறம் 'தண்டர்பேர்டே மோசம்' என்று எழுதியிருப்பீர்கள்.

செம்பூர்_சேகர்:
எழுதியிருப்பேன்தான். ஆனால் எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் முழு மெயிலும் இறங்கியிருக்கும், அங்கே அழித்ததும் வேலை செய்கிறது. பத்து பேரில் ஒன்பது பேருக்குச் செட்டிங்ஸைக் குடைகிற பொறுமை கிடையாது அக்கா.

வாஷி_ராமன்:
வேடிக்கை என்னவென்றால் எங்கள் ஆபீஸ் பழைய அவுட்லுக்கிலும் இதே கூத்துதான். அங்கே தேடுவது விண்டோஸ் சர்ச். எல்லோரும் கன்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் போய் 'ரீபில்ட்' அடித்துவிட்டுக் காத்துக்கொண்டு உட்காருவார்கள். கணக்கு செட்டிங்ஸில் எத்தனை மாத மெயிலை ஆஃப்லைனில் வைப்பது என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அது ஒரு வருஷத்தில் நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. இந்த விஷயத்தில் நான் அக்கா கட்சி. ப்ரவுசர்தான் மேல் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

ஃபோர்ட்_குமாஸ்தா:
இன்னொன்று. கன்டெய்னர் நம்பரில் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் போட்டுத் தேடுவது எங்கள் பழக்கம். அதுவும் வருவதில்லை, புது மெயிலிலும்கூட.

டோம்பிவிலி_அக்கா:
அது கோளாறே இல்லை. கன்டெய்னர் நம்பர் என்பது நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் ஒட்டிய ஒரே சொல். மேல் பெட்டி இன்டெக்ஸில் சொல்லாகத்தான் பார்க்கும், வாலைப் பிடித்துத் தேடாது. ஃபோல்டருக்குள் போய் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+கே அழுத்தினால் க்விக் ஃபில்டர் வரும். அது துண்டு எழுத்தையும் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு ஃபோல்டருக்குள் மட்டும். 'பாடி' பொத்தானையும் அழுத்திக்கொள்ளுங்கள்.

செம்பூர்_சேகர்:
இணைப்பாக வருகிற பிடிஎஃப்புக்கு உள்ளே இருக்கிற நம்பரை மேல் பெட்டியும் க்விக் ஃபில்டரும் தேடாது, அதையும் சொல்லிவிடுங்கள். மேல் பெட்டி ஃபைல் பெயரைத்தான் பார்க்கும். ஷிப்பிங் லைன்காரர்கள் பாதிப் பேர் 'ஸ்கேன்1' என்று பெயர் வைத்து அனுப்புகிறார்கள். அனுப்பும்போதே பெயரில் கன்டெய்னர் நம்பரைப் போடச் சொல்லிப் பாருங்கள் சார். எங்களுக்கு இதுவரை ஒருத்தரும் செய்ததில்லை.