41 வயது ரைட் பேக்: டோனி ஃபோர்டை நேரில் பார்த்தவர்கள்

முன்னாள் மான்செஸ்டர்வாசி:
பெரிய பெயர் இல்லாத, ஆனால் மறக்க முடியாத கால்பந்து ஆட்டக்காரர் என்றால் எனக்கு இங்கிலாந்தின் டோனி ஃபோர்ட்தான்.

2000-இல் மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தேன். மான்செஸ்டர் யுனைடெட் ஆடும் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தின் டிக்கெட் என் பர்ஸுக்குத் தாங்காது. அதனால் ஒரு சனிக்கிழமை ரயிலேறி ராச்டேல் போனேன். 1974-இலிருந்து அதுவரை லீக்கின் கடைசி டிவிஷனை விட்டு நகராத அணி. ஸ்பாட்லாண்ட் மைதானத்தில் ரக்பியும் ஆடுவார்கள், புல்லைவிடச் சேறுதான் அதிகம். கையில் சூடான பை. நம்மூர்த் துணிப்பை இல்லை, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பலகாரம். குளிருக்கு அது ஒன்றுதான் துணை.

நான் நின்ற பக்கத்துக் கோட்டோரம்தான் ஃபோர்ட் ரைட் பேக்காக, அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடினார். வயது 41. ஓரமாகப் பந்தோடு பாய்ந்து தாக்கும் எதிரணி விங்கருக்கு அதில் பாதிகூட இருக்காது. பையன் பந்தோடு பாய்ந்து வருகிறான், இவர் காலை நீட்டவே இல்லை. உள்பக்கத்தை அடைத்தபடி இரண்டடி பின்வாங்கினார், பையன் கோட்டுப் பக்கம் போனான், இன்னும் இரண்டடி பின்வாங்கினார். அவ்வளவுதான், பந்து வெளியே. பையன் முகத்தில் குழப்பம். இவர் சாவகாசமாக த்ரோ எடுக்கப் போனார். முதல் பாதியில் இதே கதை மூன்று தடவை.

பக்கத்தில் நின்ற பெரியவர்தான் விவரம் சொன்னார். 1975-இல் 16 வயதில் கிரிம்ஸ்பி டவுன் அணிக்கு இறங்கியவர், அப்போது விங்கராம். அதாவது அந்தப் பையன் செய்யப்போவதையெல்லாம் இவர் முன்பே செய்து பார்த்தவர்! ஸ்டோக், வெஸ்ட் ப்ராம், ஸ்கன்தார்ப், மான்ஸ்ஃபீல்ட் என்று பல அணிகள் சுற்றிவிட்டு, மேனேஜர் ஸ்டீவ் பார்க்கினோடு இங்கே வந்தார். ஆடவும் வேண்டும், பயிற்சியும் தர வேண்டும். அந்த வருஷம்தான் எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச கௌரவப் பட்டமும் கிடைத்திருந்தது. கடைசி டிவிஷன் ஆட்டக்காரருக்கு!

ஓய்வு பெற்ற டாக்டர்:
தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு கிரிம்ஸ்பியில் வேலை. ஊரே மீன்வாடை, தூத்துக்குடிக்காரனான எனக்குச் சொந்த ஊர் மாதிரிதான். கிரிம்ஸ்பி டவுன் ஆடும் மைதானம் கிரிம்ஸ்பியில் இல்லை, பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸில் இருக்கிறது. ரசிகர்கள் காற்றடைத்த பிளாஸ்டிக் மீனை ஆட்டிக்கொண்டு கத்துவார்கள்.

1991-இல் ஃபோர்ட் இரண்டாவது முறையாக அங்கே வந்தார். ஊர்ப் பிள்ளை திரும்பிவிட்டான் என்று என் வார்டில் ஒரு கப்பல்துறைத் தொழிலாளி ஒரு வாரம் இதையே பேசிக்கொண்டிருந்தார். மைதானத்தில் பார்த்தபோது எனக்கு முதலில் ஏமாற்றம். அலட்டல் இல்லை, வித்தை இல்லை. நாலைந்து மேட்ச் பார்த்த பிறகுதான் புரிந்தது, அவர் இருக்கும் பக்கத்தில் எதுவுமே நடக்காது. நல்ல மயக்க மருந்து நிபுணர் மாதிரி. இருப்பதே தெரியக் கூடாது.

1989-இல் இங்கிலாந்து 'பி' அணிக்கு, அதாவது தேசிய அணிக்கு அடுத்த நிலை அணிக்கு, இரண்டு ஆட்டம் ஆடினார். அதற்கு மேல் கூப்பிடவில்லை. எனக்கு அதில் இன்னமும் மனத்தாங்கல் உண்டு.

புள்ளிவிவரப் பைத்தியம்:
நான் நேரில் பார்க்கவில்லை, கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து லீக்கில் ஃபோர்ட் ஆடியது 931 ஆட்டம். பீட்டர் ஷில்டன் 1005, ஆனால் அவர் கோல்கீப்பர். மற்றவர்களில் ஃபோர்ட்தான் முதலிடம். முந்தைய சாதனையான டெர்ரி பெய்னின் 824-ஐ மான்ஸ்ஃபீல்டில் இருக்கும்போது தாண்டினார்.

எனக்குப் பிடித்த இடம் 1996. ஸ்கன்தார்ப்பை விட்டதும் பாரோவுக்குப் போனார். அது அப்போது லீக்கிலேயே இல்லாத அணி, அங்கே ஆடியது 931-இல் சேராது. 37 வயது, பெரும்பாலானோர் அதோடு பூட்ஸைக் கழற்றியிருப்பார்கள். அதே வருஷம் மான்ஸ்ஃபீல்ட் கூப்பிட்டது. அதற்குப் பிறகு மட்டும் 192 லீக் ஆட்டம்.

முன்னாள் மான்செஸ்டர்வாசி:
192-ஆ? அதில் ஒன்று என் கண் முன்னால். 2001 நவம்பரில் பார்க்கின் பார்ன்ஸ்லி அணிக்குப் போனபோது ஃபோர்டும் துணைப் பயிற்சியாளராகக் கூடவே போய்விட்டார். ஆடியது அதோடு சரி. அடுத்த தடவை ஸ்பாட்லாண்ட் போனபோது ரைட் பேக்கில் வேறு யாரோ. என்னையறியாமல் அந்தக் கோட்டோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.