அப்பாவுக்கு உண்மையான கடப்பா வேண்டும், கும்பகோணத்தில் எங்கே போகலாம்?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். நான் தஞ்சாவூர்க்காரி, கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறேன். அடுத்த மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று நாள் கும்பகோணத்தில் தங்கப் போகிறோம். கோவில் ஒரு காரணம், சாப்பாடு இன்னொரு காரணம், அப்பாவைக் கேட்டால் இரண்டாவதுதான் முதல் காரணம். அவர் வேலையில் சேர்ந்த புதிதில் கும்பகோணத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர், ராத்திரி டிபன் இட்லியும், தொட்டுக்கொள்ளப் பாசிப்பருப்புக் கடப்பாவும். இன்றைக்கும் வீட்டில் யார் குருமா வைத்தாலும் "கடப்பா மாதிரி வருமா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டில் கை வைக்கமாட்டார். அம்மாவுக்கு அது நாற்பது வருஷத்துக் கோபம்.

போன வருஷம் இதற்காகவே ஒரு ஹோட்டலுக்குப் போனோம், பெயர் வேண்டாம். கடப்பா இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றார்கள், கொண்டுவந்து வைத்ததோ மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்ட உருளைக்கிழங்கு குருமா. பட்டாணி வேறு மிதந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு கை கழுவப் போய்விட்டார். காரில் ஏறின பிறகு "பருப்பே இல்லையே" என்றார், அவ்வளவுதான்.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. எந்த ஹோட்டல்? அதோடு டெல்டா பக்கம் நீங்கள் சாப்பிட்டு மறக்க முடியாமல் இருக்கிற ஐட்டம் எதுவானாலும் எழுதுங்கள், வண்டி இருக்கிறது, திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை எங்கேயும் போகத் தயார். அம்மா சைவம், நாங்கள் மற்றவர்கள் எல்லாம் சாப்பிடுவோம். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பு பற்றி எழுதுபவர்கள் கொஞ்சம் அடக்கி எழுதவும், ஏனென்றால் இதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

குடந்தை குசும்பன்:

அக்கா, நீங்கள் ஹோட்டல் பெயர் கேட்கிறீர்கள், நான் முதலில் கிழமையும் நேரமும் சொல்கிறேன். எங்கள் ஊரில் பல ஹோட்டல்களில் கடப்பா தினமும் கிடையாது. வாரத்தில் இத்தனை நாள் என்று வைத்திருப்பார்கள், அதுவும் பெரும்பாலும் சாயங்கால டிபனுக்குத்தான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய்க் கடப்பா கேட்டால் சப்ளையர் என்ன செய்வார், இருக்கிற குருமாவை ஊற்றிக் கொடுப்பார். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் அப்படி என்றால் அதன் சாமான் அப்படி. பாசிப்பருப்பைக் குழைய வேக வைத்து, வெந்த உருளைக்கிழங்கைக் கையால் உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சை மிளகாய் எல்லாம் அரைத்து ஊற்றுவது. தேங்காயும் பருப்பும் சேர்ந்தது ரொம்ப நேரம் நிற்காது, வைக்க வைக்க இறுகிக்கொண்டே போகும், தண்ணீர் விட்டு இளக்கினால் ருசி போய்விடும், ராத்திரி மிஞ்சினால் காலையில் கெட்டிருக்கும். அதனால் கொஞ்சமாக வைப்பார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். காரம் பச்சை மிளகாயில் மட்டும், மிளகாய்த்தூள் விழுந்தால் அது குருமா. இறக்கும்போது எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிய வேண்டும். நிறம் வெளிர் மஞ்சளாக, பார்த்தால் நோயாளிக்குச் செய்த கூட்டு மாதிரி இருக்கும், வாயில் வைத்தால்தான் தெரியும். வெளியூர்க்காரர்கள் ஆந்திராவிலிருந்து வந்ததா, கடப்பா கல்லா என்றெல்லாம் கேட்பார்கள், அவர்களுக்கு இன்னொரு கரண்டி ஊற்றுவதோடு சரி.

காந்தி பார்க் பக்கம் வெங்கட்ரமணா இருக்கிறது, நான் சின்ன வயதிலிருந்து அங்கே சாப்பிடுகிறேன், அங்கே கேட்டுப் பாருங்கள். கும்பேஸ்வரர் கோவில் பக்கம் மங்களாம்பிகா, பழைய ஹோட்டல், அங்கே உங்கள் அப்பாவுக்குக் காபி வாங்கிக் கொடுங்கள். எங்கே போவதானாலும் முந்தின நாளே போன் போட்டு "நாளைக்குக் கடப்பா உண்டா, எத்தனை மணிக்கு" என்று கேட்டுக்கொண்டு, ஏழு மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். எட்டரைக்கு மேல் போனால் மறுபடியும் சட்னிதான்.

மாயவரத்து மருமகள்:

குசும்பன் சொல்வது நூற்றுக்கு நூறு. நான் மதுரைக்காரி, வாக்கப்பட்டது மயிலாடுதுறையில். என் மாமனார் காபி விஷயத்தில் உங்கள் அப்பா மாதிரி, காளியாகுடி ஹோட்டல் காபியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று இழுப்பார், அந்த "தான்" என்னை இன்றைக்கும் குத்தும்.

ஒன்று சொல்கிறேன், சென்னை திருச்சி ரோட்டில் வரிசையாகக் கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு இருக்கிறதே, பித்தளை டபரா செட்டைப் பார்த்து மயங்காதீர்கள். டிகிரி என்பது பாலுக்குச் சொன்னது. லாக்டோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய், அதைப் பாலில் மிதக்க விட்டால் அடர்த்தி தெரியும், தண்ணீர் கலந்திருந்தால் டிகிரி இறங்கிவிடும். அப்படித் தேறின பசும்பால், முதல் டிகாக்ஷன், இரண்டும் சேர்ந்தால் டிகிரி காபி. பித்தளைக்கு அதில் வேலையே இல்லை. கறந்த பால் வருகிற நேரம் பார்த்துப் போங்கள், விடிகாலை, இல்லாவிட்டால் மத்தியானம் மூணரை நாலு மணி. பதினோரு மணிக்கு நல்ல ஹோட்டலில் குடித்தால்கூட எனக்கு அந்தக் காபி ஒரு படி கீழேதான்.

மன்னிக்க வேண்டும், இனிப்பு எழுதாமல் இருக்க முடியவில்லை. திருவையாற்றில் ஆண்டவர் கடை அசோகா. இதுவும் பாசிப்பருப்புதான், கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிளறியது, சூடாக ஒரு உருண்டை வாங்கி, பக்கத்தில் கொஞ்சம் காரம் வாங்கி, மாற்றி மாற்றிச் சாப்பிட்டு மேலே ஒரு காபி. பார்சல் வாங்கி வீட்டில் ஆறினபின் சாப்பிட்டுவிட்டு "என்ன பெரிய அசோகா" என்று என் தங்கை சொன்னாள், அவளோடு நான் ஒரு வாரம் பேசவில்லை. அப்பாவுக்கு ஒரு ஸ்பூன் மட்டும் கொடுங்கள், மீதியை நீங்கள் அவருக்குத் தெரியாமல் சாப்பிடுங்கள்.

குடந்தை குசும்பன்:

டிகிரிக்கு எங்கள் தாத்தா வேறு கதை சொல்வார், சிக்கரியை வாயில் நுழையாமல் டிகிரி ஆக்கிவிட்டார்கள் என்று. நான் உங்கள் பக்கம்தான் மருமகளே, ஆனால் தாத்தாவை விட்டுக்கொடுக்க முடியாது.

கொள்ளிடக்கரை:

சைவம் பேசினது போதும். அண்ணனையும் (அக்கா வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்) அப்பாவையும் ஒரு மத்தியானம் அணைக்கரைக்கு அனுப்புங்கள். கும்பகோணத்திலிருந்து வடக்கே, கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் கட்டின கீழணை அதுதான். அணைக்குப் பக்கத்தில் ஆற்று மீன் விற்பார்கள், வறுத்தும் கொடுப்பார்கள். கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். மசாலா மிளகாயும் உப்பும் பூண்டும்தான், பெரிதாக ஒன்றும் இல்லை, மீன் அன்றைக்குப் பிடித்தது, அதில்தான் விஷயம்.

இங்கேயும் காலம் பார்க்க வேண்டும். மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம், தண்ணீர் வந்து ஆறு ஓடுகிற மாதங்களில் வந்தால் ஒரு மாதிரி, கோடையில் மணல் தெரியும்போது வந்தால் வேறு மாதிரி. எங்கள் சித்தப்பா ஒரு சித்திரை மாதம் விருந்தாளிகளை அழைத்துப் போய், கடல் மீனை ஆற்று மீன் என்று தலையில் கட்டிவிட்டார்கள், அவர் முள்ளைப் பார்த்தே கண்டுபிடித்துச் சண்டை போட்டு, கடைசியில் காசும் கொடுத்துவிட்டு வந்தார். கெண்டையில் முள் அதிகம், அப்பா வயதானவர், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து ஆய்ந்து கொடுங்கள்.

தெப்பக்குளம் 2:

திருச்சியை யாரும் எழுதவில்லையே. திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ், 1943லிருந்து இருக்கிறது, நெய் தோசை. விறகு அடுப்பு, கருத்த சுவர், அலங்காரம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். தோசைக்கல் வேகத்தில்தான் தோசை வரும், சத்தம் போட்டால் சீக்கிரம் வராது. அம்மாவுக்குப் பிடிக்கும். ஜம்புகேஸ்வரரைப் பார்த்துவிட்டு அப்படியே போகலாம். கூட்டம் கடை எப்போது திறக்கிறதோ அப்போதே வந்துவிடும், நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

நாகூர் பையன்:

வாடா சாப்பிட்டிருக்கிறீர்களா அக்கா? வடை இல்லை, வாடா. எழுத்துப் பிழை என்று ஒருவர் போன தடவை என்னைத் திருத்தினார், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அரிசி மாவை வட்டமாகத் தட்டி, உள்ளே வெங்காயம் தேங்காய் வைத்து, மேலே ஒரு முழு இறாலைப் பதித்துப் பொரிப்பது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து, இறால் ஓட்டோடு கடித்துத் தின்னலாம். தர்கா பக்கம் தெருக்களில் சாயங்காலம் போடுவார்கள், நோன்பு மாதத்தில் இன்னும் அதிகம். ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிற பொருள் இல்லை, காகிதத்தில் வாங்கி, நின்றுகொண்டே, கையில் டீயோடு.

எனக்கு மறக்க முடியாதது ஒன்று. பத்தாவது ரிசல்ட் வந்த அன்று கணக்கில் ஜஸ்ட் பாஸ், வீட்டுக்குப் போகப் பயந்து கடைத்தெருவில் நின்றிருந்தேன், எங்க வாப்பா வந்து ஒன்றும் கேட்காமல் நாலு வாடா வாங்கிக் கொடுத்தார். தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றார். அப்புறம் வீட்டுக்குப் போய் விளாசிவிட்டார், அது வேறு.

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி, போய் வந்துவிட்டோம், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாளே சொதப்பல். கோவில் முடித்து, அப்பா மாமாங்கக் குளத்தைச் சுற்றி வர வேண்டும் என்று அடம்பிடித்து, தான் தங்கியிருந்த தெருவைத் தேடி, அது கிடைக்காமல், ஒரு ஹோட்டலில் போய் உட்காரும்போது ஒன்பது மணி. "கடப்பா இப்பத்தான் தீர்ந்தது" என்றார்கள். குசும்பன் எழுதினதைப் படித்துக் காட்டியும் இப்படி. அம்மாவுக்குச் சிரிப்பு வேறு.

மறுநாள் கேட்டு வைத்துக்கொண்டு, தங்கியிருந்த லாட்ஜ்காரர் சொன்ன ஒரு சின்னக் கடைக்கு ஆறரைக்கே போய்விட்டோம். வந்தது. நான் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இட்லியைப் பிட்டு முக்கி எடுத்தார், மென்றார், ஒன்றும் சொல்லாமல் இன்னும் ரெண்டு இட்லி சொன்னார், அப்புறம் கடப்பா மட்டும் தனியாக ஒரு கிண்ணம் கேட்டார். ஐந்து இட்லி ஆன பிறகு "கிழங்கைக் கத்தியால வெட்டியிருக்கான், உதிர்க்கணும்" என்றார். அம்மா "இதைத்தானே நாற்பது வருஷமா சொல்லிட்டிருந்தீங்க, நாளைக்கே நான் வைக்கிறேன்" என்று சப்ளையரிடம் பொட்டுக்கடலை எவ்வளவு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். குசும்பன் எழுதின அளவில்லாத செய்முறையை நம்பி ஓசூரில் ஒரு தடவை செய்தாகிவிட்டது, கசகசா கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, பரவாயில்லை.

உப்பிலியப்பன் கோவிலில் உப்பில்லாத பிரசாதத்தை அப்பா ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார், வீட்டில் அம்மா உப்பு ஒரு சிட்டிகை குறைத்தால் படுகிற பாடு எனக்குத் தெரியும். காபி மூணரைக்குக் குடித்தோம். மருமகளுக்கு என் தனி நன்றி. அசோகா அரை கிலோ, ஒரு ஸ்பூன் கணக்கெல்லாம் நடக்கவில்லை. அணைக்கரைக்கு நேரம் இல்லை, திருவானைக்காவலும் போகவில்லை.

இப்போது பிரச்சினை வேறு. நாகூர் பையன் எழுதினதை நான் சத்தமாகப் படித்தது தப்பாகிவிட்டது. கடப்பா பேச்சு நின்றுவிட்டது, "அந்த இறால் வச்சுப் பொரிப்பானே, அது எப்பப் போறோம்" என்று நாலு நாளாகக் கேட்கிறார்.

நாகூர் பையன்:

வெள்ளிக்கிழமை வேண்டாம் அக்கா, கூட்டம். மற்ற நாளில் நாலரைக்கு வந்துவிடுங்கள், ஆறரைக்கு மேல் வாடா இருக்கும், இறால் இருக்காது.