சுட்டி மூணு ஊசிக்கும் சினை நிக்கல, தீனியா மருந்தா?

பட்டிக்காரி_கந்தப்பளை

வணக்கம். நுவரெலியாப் பக்கம், கந்தப்பளைக்கும் ராகலைக்கும் நடுவுல ஒரு தேயிலைத் தோட்டம், மேல் டிவிஷன். கொழுந்து எடுக்குற வேலை. நாங்க இருக்குற லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) பின்னால ஒரு மாட்டுப்பட்டி, அதுல ஒரே மாடு. நெத்தியில வெள்ளை, அதனால சுட்டி. ஜெர்சி கலப்பு, மூணாம் ஈத்து. டிசம்பர் 1ல கெடேரிக் கன்னு போட்டிச்சு.

முந்தின ரெண்டு தடவையும் ஒரே சினை ஊசியில நின்ன மாடு. இந்தத் தடவை பெப்ரவரி 9 மொத ஊசி. மார்ச் 2 திரும்பக் கத்துனிச்சு, அன்னைக்கே ரெண்டாவது. ஏப்ரல் 2 மூணாவது. மே 5 மறுபடியும் கத்துது. அன்னைக்கு நான் ஊசிக்காரரைக் கூப்பிடல. கையில காசும் இல்ல, மனசும் இல்ல. தேதியெல்லாம் கலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

தீனி சொல்றேன். முன்னால தேயிலைக்குள்ள அறுக்குற புல்லுதான். 2015ல கிளைபோசேட் களைமருந்தைத் தடை செஞ்ச நேரம் எல்லாத் தேயிலை மலைக்கும் களை எடுக்க சொரண்டிதான் போட்டாங்க, புல்லுக்குக் கொறையே இல்ல. 2018ல தேயிலைக்குத் திரும்ப விட்டாங்க, ஒவ்வொரு மலையா மருந்து வந்திச்சு. போன வருஷக் கடைசியில லயத்துக்குப் பக்கத்து மலைக்கும் அடிச்சுட்டாங்க. அதனால ஜனவரியில இருந்து கோவா (முட்டைக்கோஸ்) எலை. கீழ மரக்கறித் தோட்டத்துல வெட்டி ஒதுக்குறத மூட்டையா சும்மா தர்றாங்க. ஒரு நாளைக்கு 40 கிலோ இருக்கும். பீட்ரூட் தழையும் கொஞ்சம், தேங்காய்ப் புண்ணாக்கு 2 கிலோ. பால் 9 லீட்டர்.

மருந்து பட்ட புல்லா, கோவாவுல அடிக்கிற பூச்சிமருந்தா, எது சினையைக் கெடுக்குது? மாமியார் கண்ணூறுன்னு சொல்லி எலுமிச்சம்பழம் கட்டியாச்சு. அதுக்கும் மே 5 கத்திடிச்சு.

சும்மா_ஒருத்தன்

அக்கா, மாட்டுல குத்தமில்ல. ஊசிக்காரர் நேரம் தப்பி வந்திருப்பார். காலையில கத்துனா அந்திக்கு ஊசி, அந்தியில கத்துனா மறுநாள் காலையில. அவ்வளவுதான்.

பட்டிக்காரி_கந்தப்பளை

தம்பி, மூணு தடவையும் காலையில பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் குடுக்குற எடம்) போறதுக்கு முன்னால போன் பண்ணேன், மூணு தடவையும் அந்திக்கு வந்தார். பாவம், மழையில மலை ஏறி வர்ற மனுஷன்.

அக்கரப்பத்தனை_அண்ணன்

தங்கச்சி, மாடு வச்சு 26 வருஷமாச்சு. டொக்டர் இல்ல, அனுபவத்துல கேக்குறேன். சாணி எப்படி விழுது, தண்ணியாவா? பால் சென்டர்ல கொழுப்பு என்ன வருது? இடுப்பெலும்பு துருத்திக்கிட்டு நிக்குதா? தண்ணி எதுல வைக்கிறீங்க, எங்க இருந்து வருது?

பட்டிக்காரி_கந்தப்பளை

அண்ணே, சாணி கஞ்சி மாதிரி. கொழுப்பு 4.2 இருந்தது இப்ப 3.4, காசும் கொறச்சிட்டாங்க. எலும்பு தெரியுது, ஆனா வயிறு நெறஞ்சுதான் இருக்கு. தண்ணி மலையில இருந்து விழுற பீலியில இருந்து வருது, நீலப் பீப்பாவுல புடிச்சு வைக்கிறோம். அது மருந்து வந்த பீப்பாதான். நல்லா சவக்காரம் போட்டுக் கழுவினது.

பேராதனை_நாலாம்_வருஷம்

அக்கா, நான் பேராதனை மிருக வைத்தியபீடத்துல படிக்கிறேன், அப்பா அம்மா பொகவந்தலாவையில. உங்க கலண்டர் நல்ல சாட்சி சொல்லுது. ஊசி போட்டும் கரு உருவாகலன்னா மாடு 21 நாளு கணக்குல திரும்பும். பெப்ரவரி 9ல இருந்து மார்ச் 2 சரியா 21. அதுல எதையும் நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா மார்ச் 2ல இருந்து ஏப்ரல் 2க்கு 31 நாள், அங்கிருந்து மே 5க்கு 33 நாள். நடுவுல ஒரு பருவம் உங்க கண்ணுல படாமப் போயிருந்தா 42 கிட்ட வந்திருக்கணும். பெரும்பாலும் சுட்டிக்கு ரெண்டு தடவையும் கரு புடிச்சு, கொஞ்ச நாள்ல கரைஞ்சிருக்கு. ஊசிக்காரரை விட்ருங்க.

ஏன் கரையுது? 40 கிலோ கோவா எலையில 36 கிலோவுக்கு மேல தண்ணி. 350 கிலோ மாட்டுக்குத் தண்ணியக் கழிச்சு 10 கிலோ கிட்ட தீனி வேணும். வயிறு நெறையுது, உடம்புக்குக் கிடைக்கிறது கொஞ்சம். அதுல 9 லீட்டர் பாலையும் நீங்க கறக்குறீங்க, முதுகுக் கொழுப்பு கரையாம என்ன செய்யும்? சக்தி கொறையுது, ஆனா கோவாவும் புண்ணாக்கும் புரதத்தை அள்ளிக் குடுக்குது. அசையூண் பையில (மாட்டோட மொத வயிறு) அந்த மிச்சப் புரதம் அமோனியாவா மாறும், கல்லீரல் அதை யூரியாவாக்கும், யூரியா ரத்தத்தோட கருப்பைக்கும் போகும். அங்க உள்ள நீரோட தன்மை மாறிடுது, பிஞ்சுக் கரு அதைத் தாங்காது. கொழுப்பு 3.4க்கு இறங்கினதும் சாணி கஞ்சியானதும் இதே கதைதான், நார் இல்ல.

அதோட கோவாவுல தைரொய்ட் வேலையத் தடுக்குற சத்து இருக்கு. அயடீன் கொறைஞ்ச மாட்டுக்குப் பருவமே மங்கலாத் தெரியும். பீட்ரூட் தழையில ஒக்சலேட், அது கல்சியத்தைக் கட்டி வச்சிடும்.

மருந்தும் பொய்யில்ல. பூச்சிமருந்து அதிகமா நிக்கிறது வெளி எலையில, உங்களுக்குத் தர்றதும் அந்த வெளி எலைதான். சில மருந்து உடம்போட ஹோர்மோன் மாதிரி வேசம் போடும், சிலது அதை மறிக்கும். மருந்துன்னு இல்ல, புல்லே அந்த வேலையைச் செய்யும். 1940கள்ல மேற்கு ஆஸ்திரேலியாவுல ஒரு வகை குளோவர் தழை மேஞ்ச செம்மறி மந்தை மந்தையா சினை நிக்காமப் போச்சு, அந்தத் தழையிலயே ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹோர்மோன்) மாதிரி ஒரு பொருள் இருந்திச்சு. பூசணம் புடிச்ச சோளத் தீனியிலயும் அப்படி ஒண்ணு உண்டு. புண்ணாக்கு மூட்டைய மோந்து பாருங்க.

ஒண்ணு மட்டும். கருப்பையில சீழ் இருந்தாலும் இப்படித்தான் திரும்பும். அரச மிருக வைத்தியரைக் கூப்பிட்டு ஒரு தடவை பரிசோதிக்கச் சொல்லுங்க.

பட்டிக்காரி_கந்தப்பளை

தம்பி, ரெண்டு தடவை வாசிச்சேன். ரெண்டு கரு போயிருக்குன்னு நெனைக்கும்போது ஒரு மாதிரி ஆயிருச்சு.

நான் மருந்தா தீனியான்னு கேட்டேன். எழுதும்போதே வெளங்குது, மருந்து மாட்டுக்குள்ள போறதுக்கு முன்னாலயே மலையில வேலையை முடிச்சிருச்சு. புல்லைக் கொன்னுச்சு, நான் கோவாவுக்குப் போனேன். சும்மா கிடைக்குதேன்னு. மூணு ஊசிக்கும் குடுத்த காசுல எத்தன மூட்டை வைக்கோல் வாங்கியிருக்கலாம்.

இப்ப என்ன செய்ய? மே 26 மறுபடி கத்தும்.

அக்கரப்பத்தனை_அண்ணன்

கத்தட்டும், விடுங்க. மே 26ம் வேணாம், ஜூன் 16ம் வேணாம், அதுக்கப்புறம் பாருங்க. மாட்டுக்குள்ள ஒரு முட்டை முதிர்ந்து வர ரெண்டு மூணு மாசம் ஆகும், இன்னைக்குத் தீனிய மாத்துனா நாளைக்கே கன்னு நிக்காது. இதை எனக்கு டொக்டர் சொல்லி நான் நம்பல, 2 மாடு வித்ததுக்கு அப்புறம்தான் நம்புனேன்.

கோவாவ ஒரேயடியா நிப்பாட்டாதீங்க, பால் விழுந்திடும். ரெண்டு வாரத்துல 40ல இருந்து 10க்கு இறக்குங்க. வெளி எலையக் கழிச்சு, ஒரு நாள் நெழல்ல வாட்டிக் குடுங்க. வலப்பனைப் பக்கம் அறுவடை முடிஞ்சா வைக்கோல் வரும், லொறிக்காரங்கக்கிட்ட சொல்லி வைங்க. பீலியோரத்துல சீஓ3ங்கிற தீவனப் புல்லுக் கரணை நடுங்க, மூணு மாசத்துல அறுக்கலாம். கரணை வேணும்னா எங்கிட்ட இருக்கு, பஸ்ல போட்டு விடுறேன். தாதுத்தூள் தினமும், அயடீன் உப்பு ஒரு பிடி. தேயிலைக்குள்ள புல்லு அறுக்கணும்னா மருந்து அடிக்கிற நாளைக் கங்காணிக்கிட்டக் கேட்டு வச்சுக்கிட்டு மத்த மலைக்குப் போங்க.

பீலித்தண்ணி உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் கீழ புடிக்கிறதா மேல புடிக்கிறதா? கீழன்னா யூரியா கரைஞ்சு வரும். நைட்ரேட் கூடினா சினை மாடே கன்னை வீசும். பைப்பை மேல மாத்துங்க.

பீப்பாவ இன்னைக்கே எடுத்திருங்க. சவக்காரத்துக்கு அது போகாது.

பட்டிக்காரி_கந்தப்பளை

கரணை கட்டாயம் வேணும் அண்ணே, பஸ் நம்பரைச் சொல்லுங்க. பைப் தோட்டத்துக்குக் கீழதான் இருக்கு, ஞாயித்துக்கெழமை தம்பிமாரை வச்சு மாத்துறேன். டொக்டருக்கும் சொல்லியாச்சு, புதன்கெழமை வர்றாராம்.

பீப்பாவ எடுத்துட்டேன். ஆனா மாமியார் அதை ரெண்டா வெட்டி, ஒரு பாதியில கோழிக்குத் தண்ணி வச்சிருக்காங்க. கோழி ரெண்டு மாசமா முட்டை விடல. அதையும் எடுக்கணுமா?

பேராதனை_நாலாம்_வருஷம்

எடுங்க அக்கா. வெட்டுன ரெண்டு பாதியையும். முட்டை நிக்க வேற காரணமும் இருக்கும், எறகு கொட்டுதான்னு பாருங்க. இங்க போட்டோ போடுங்க.