கழுத்தில் டயாலிசிஸ் குழாய்: தலைக்குக் குளிக்கலாமா?

நெல்லைமகள்:
சிறுநீரகம் செயலிழந்த என் அப்பாவுக்கு (வயது 64) பத்து நாட்களுக்கு முன் வலப்பக்கக் கழுத்தில் பெர்ம்கேத் (டயாலிசிஸுக்கான குழாய்) வைத்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறார்கள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பழகியவர், பாலித்தீன் உறையை ஒட்டிக்கொண்டாவது தலைக்குக் குளித்தே தீருவேன் என்கிறார். அனுமதிக்கலாமா? வீட்டில் வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

டயாலிசிஸ் செவிலியர்:
அனுமதிக்காதீர்கள், சகோதரி. உறைக்குள் வியர்வை கோத்து டிரெஸ்ஸிங்கின் ஓரம் பிரிந்துவிடும். எண்ணெய் பட்டால் பிளாஸ்திரி ஒட்டவே ஒட்டாது. மார்பில் வெளியே தெரியும் குழாய், தோலுக்கடியில் சிறிது தூரம் ஓடிக் கழுத்து ரத்தக்குழாயில் நுழைந்து, இதயத்தின் வலது மேலறையை ஒட்டி முடிகிறது என்பதால், குழாய் தோலிலிருந்து வெளிவரும் வாயிலில் தங்கும் கிருமி நேரே ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். இடுப்புக்குக் கீழே குளிக்கட்டும். மேலுடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தலையை மட்டும் நாற்காலியில் பின்பக்கமாகச் சாய்த்து அலசிவிடுங்கள்.

தோலுக்கடியில் குழாயைச் சுற்றியுள்ள பட்டையைச் சதை பற்றிக்கொள்ள மூன்று, நான்கு வாரங்களாகும். அதுவரை தையல்தான் பிடிமானம். குழாயின் முனைகளில் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) நிரப்பி மூடியிருப்பதால், ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே யாரையும் அதைத் திறக்க விடாதீர்கள். திறக்கும்போது அப்பாவும் செவிலியரும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

குழாயோடு எட்டு மாதம்:
பனியனைத் தலைவழியாகக் கழற்றப் போய் ஒருமுறை குழாயை இழுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான். அதைவிடப் பெரிய தவறு, டயாலிசிஸ் தொடங்கிய அரை மணி நேரத்தில் பல் கிட்டும்படி நடுக்கம் வந்தபோது, குளிர்சாதனத்தால் வந்தது என்று நானே முடிவுகட்டி, வீட்டில் பாராசிட்டமாலோடு இரண்டு நாள் ஓட்டியது. ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. குளிரோ காய்ச்சலோ வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும்.

நெல்லைமகள்:
நன்றி. இரவில் தூக்கத்தில் குழாயின் மூடி கழன்றுவிட்டால் என்ன செய்வது?

டயாலிசிஸ் செவிலியர்:
முதலில் குழாயை இறுக்கி அடைக்கும் கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அது இறுகியிருந்தால் காற்று உள்ளே போகாது. மூடி கழன்றபின் மூச்சுத் திணறினால், தலை தாழ்ந்திருக்குமாறு இடப்பக்கமாகப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். குழாயே உருவிக்கொண்டு வந்துவிட்டால், சுத்தமான துணியால் மார்பிலுள்ள வாயிலையும் கழுத்தில் குழாய் நுழைந்த இடத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) எப்போது என்று மருத்துவரிடம் கேட்டீர்களா? அறுவைக்குப் பின் அது பக்குவப்படவே ஆறு வாரங்களுக்கு மேல் ஆகலாம். அதற்கென ஒதுக்கும் கையில் இப்போதிருந்தே ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் விடாதீர்கள்.