பினாங்குக் கச்சேரி: பாடகருக்கு முன்னால் மண்டபத்தைப் பாருங்கள்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

ஆண்டுவிழாக் கச்சேரி பினாங்கில்தான் என்று முடிவான பிறகு வந்த மடல்கள் எல்லாம் இரண்டே விஷயத்தைச் சுற்றுகின்றன: யாரைப் பாட அழைப்பது, பேனரில் யார் படம் பெரிதாக வருவது. பாடகரை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அவர் வந்து உட்காரப்போகும் மண்டபத்தின் காற்றைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஊரில் கச்சேரி கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

வெளியே காற்று ஈரம் சொட்டும். உள்ளே ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். தோல் வாத்தியம் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும்; வறண்ட குளிரில் இறுகி ஏறும். காற்று வாத்தியம் இதற்கு நேர் எதிர். குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். 30 பாகையிலிருந்து 20 பாகைக்கு வந்தால் அரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். ஊத ஊதச் சூடேறிக் கொஞ்சம் மீளும், நிறுத்தினால் மறுபடி இறங்கும். புல்லாங்குழல் கச்சேரி என்றால் குழல் கீழே போக, மிருதங்கம் மேலே போக, நடுவில் வயலின்காரர் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகிக்கொண்டே இருப்பார். அந்தப் பிரடையும் அப்படித்தான்: ஈரத்தில் உப்பி இறுகும், ஏசியில் சுருங்கி வழுக்கும். ஒரு துண்டுச் சாக்பீஸ் மேடையோரம் இருந்தால் அவர் உங்களை வாழ்த்துவார்.

ஆகவே மண்டபக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல. ஏசி எத்தனை மணிக்குப் போடுவீர்கள், காற்று மேடை மேல் நேராக அடிக்குமா என்பதுதான். கூட்டம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். 25, 26 பாகையில் வைத்து, மங்களம் வரை அதைத் தொடக்கூடாது. 18இல் வைத்துவிட்டு, முன்வரிசைப் பெரியவர் போர்வை கேட்டதும் அணைத்து, அரைமணி கழித்து மறுபடி போடுவதுதான் இங்கே வழக்கம். அதைவிட ஏசியே இல்லாத மண்டபம் மேல். மிருதங்கத்தை ஒரு மணி நேரம் முன்னதாக உறையிலிருந்து எடுத்து மேடையிலேயே வைத்துவிடுங்கள். வந்தவுடன் சுருதி சேர்த்தால் அது வாசல் காற்றுக்குச் சேர்த்த சுருதி.

கோலாலம்பூர் அண்ணன் “ஏன் மூன்று மிருதங்கம்?” என்று கேட்டிருந்தார். அண்ணே, ஒரு மிருதங்கம் அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஆண் பாடகர் பெரும்பாலும் 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள் இருப்பார். அதற்குத் தக்கு மிருதங்கம், கொஞ்சம் நீளம். பெண் பாடகர் 4½, 5, 5½ என்று போவார். அதற்குக் குட்டையான ஹெச்சு மிருதங்கம். முன்னால் பிள்ளைகள் 5 கட்டையில் தேவாரம் பாடி, பின்னால் ஒருவர் 1½ கட்டையில் கச்சேரி செய்தால் அங்கேயே இரண்டு வேண்டும். மூன்றாவது, தோல் நடுவிலுள்ள கறுப்புக் கரணை பெயர்ந்தால் மாற்றுவதற்கு. பாடகரை உறுதி செய்யும் அதே நாளில் “எத்தனை கட்டை?” என்று கேட்டு மிருதங்கக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். கடக்காரருக்கு இது இன்னும் முக்கியம். கடத்தைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்க முடியாது. உள்ளே களிமண்ணோ மெழுகோ ஒட்டி இம்மியளவு இறக்கலாம், அவ்வளவே. சுருதிக்கு ஒரு பானை என்று சுமந்துதான் வருவார்கள்.

மேடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவசரப்படுத்த மாட்டீர்கள். முதலில் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் தாழ ஒலிக்கும் பக்கம். ஒரு கைப்பிடி மெல்லிய ரவை, கொஞ்சம் தண்ணீர்; சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, களியைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். தோலின் நடுவை ஈரக்கையால் தடவி, ரவையை வட்டமாக அப்பி, ஓரத்தை விரலால் வழித்து மெலிதாக்குவார். ரவை கூடினால் நாதம் இறங்கும், குறைத்தால் ஏறும்; எதிர்ப்பக்கமான வலந்தலைக்கு ஒரு ஸ்தாயி கீழே வந்து நிற்க வேண்டும். பிறகு வலந்தலை. தோலின் ஓரப் பின்னலுக்கு மூட்டு என்று பெயர்; அதில் சுற்றிலும் வார் நுழையும் 16 கண். ஒவ்வொரு கண்ணுக்கும் நேரே விரலால் மீட்டிக் கேட்டு, இறங்கியிருக்கும் இடத்தில் மூட்டின் மேல் கட்டையை வைத்துக் கல்லால் தட்டினால் ஏறும்; கீழிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஒரு கண்ணைத் தட்டினால் எதிர்க் கண்ணும் கொஞ்சம் நகரும், அதனால் எதிரெதிராகப் போவார். பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் வரவேற்புரைக்கு மைக்கைத் திறந்து, பின்னணியில் சிடி பாட்டும் போட்டால் அவர் காதில் எதுவும் விழாது. தம்பூரா ஒலி மட்டும் இருக்கட்டும். ஏசி மண்டபத்தில் ஒரு மணி நேரத்தில் ரவை காய்ந்து தொப்பி வெறும் தகரம் மாதிரி ஒலிக்கும். நடுவில் அவர் விரலை நனைத்து ரவையைத் தொடுவது அதற்குத்தான். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்; குடிக்கும் தண்ணீர் வேறு.

கஞ்சிரா வருமா என்று சிலர் கேட்டீர்கள். வரும், ஆனால் உடும்புத் தோல் போட்டதை எல்லை தாண்டிக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வங்க உடும்பு அனைத்துலக வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியச் சட்டத்திலும் பாதுகாக்கப்பட்ட உயிர். சுங்கத்தில் பிடித்தால் வாத்தியம் மட்டும் போகாது. செயற்கைத் தோல் கஞ்சிரா இந்த ஈரக் காற்றுக்கு உண்மையில் நல்லதும்கூட. கடத்தை வண்டியில் ஏற்றுவோர் மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். கோலாலம்பூரிலிருந்து 350 கிலோமீட்டர் பேருந்தின் அடிப்பெட்டியில் உருண்டு வந்த பானையை நம்பி எவரும் மேடையேற முடியாது. மிருதங்கத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகவும் வேண்டாம், கரணை வெடிக்கும்.

நாகஸ்வரம் வாசலில்தான். உள்ளே, அதுவும் ஏசியில், மைக் வைத்து வாசிக்கச் சொல்வது வித்வானுக்கும் கேட்பவருக்கும் தண்டனை. டி. என். ராஜரத்தினம் பிள்ளை பெருவழக்காக்கிய நீண்ட பாரி நாகஸ்வரம் 2, 2½ கட்டையில் நிற்கும். பழைய திமிரி குட்டை, சுருதி மேலே. இரண்டுமே திறந்த வெளிக்குப் பிறந்தவை. காவிரிக் கரைக் கொறுக்கை நாணலில் செய்த சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் முனை, காய்ந்தால் பேசாது. வாசிக்கும் முன் நனைத்துப் பதம் பார்க்க அவருக்கு நிழலில் ஓர் இடம் கொடுங்கள். தவிலுக்கு மைக் கேட்கும் ஒலிபெருக்கிக்காரர் வந்தால் அவரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

ஒலி ஏற்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்குள்ள ஒலிபெருக்கிக்காரர்களுக்குச் சினிமாப் பாட்டு மேடைதான் பழக்கம். பேஸைத் தூக்கி, எக்கோவைக் கூட்டித்தான் தொடங்குவார்கள். அதில் தொப்பி இடி மாதிரி உருளும், பாடகரின் சங்கதி ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகும். கணக்கு இதுதான்: வாய்ப்பாட்டு 1, பின்பாட்டு 1, வயலின் 1, மிருதங்கம் 2, கடம் 1, தம்பூரா 1, அறிவிப்பாளர் 1. எட்டு வழி. மிருதங்கத்தின் இரு பக்கத்துக்கும் தனித்தனி மைக் கட்டாயம். ஒன்றை நடுவில் வைத்து ஒப்பேற்றினால் மரத்தைத் தட்டுவதுபோல் கேட்கும். பாடகருக்கு ஷூர் எஸ்எம் 58 வகை போதும், வாயிலிருந்து ஒரு சாண். அந்த வழியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கள். மிருதங்க வழியில் மெல்லிய ஒலியை அடைக்கும் ‘கேட்’ போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும்; மீட்டின் கார்வையை, அந்த நீளும் ஒலியை, அது பாதியில் நறுக்கிவிடும்.

கீச்சிடுவது ஏன் என்றால், கலைஞர்கள் தரையில் உட்காருகிறார்கள். மைக்கும் தாழ, அவர்கள் கேட்க வைக்கும் மானிட்டர் பெட்டியும் தாழ. பெட்டியை மைக்கின் முதுகுக்கு நேராக வைத்தால் பாதித் தொல்லை தீரும். மானிட்டரில் தம்பூரா தாராளமாக இருக்கட்டும், வெளிப்பெட்டியில் கேட்டும் கேட்காமலும் இருந்தால் போதும். உண்மையான தம்பூராவே வேண்டும் என்கிறார் சிங்கப்பூர் அக்கா. தந்திக்கு அடியில் ஜீவா நூல் வைத்து ஒழுங்காகச் சேர்க்கத் தெரிந்தவர் பின்னால் உட்காருவார் என்றால் சரி. இல்லையென்றால் அரைகுறையாகச் சேர்ந்த தம்பூராவைவிடப் பெட்டித் தம்பூரா நூறு மடங்கு மேல். தமிழ்நாட்டு ஊரிலிருந்து வரும் பெட்டியின் வட்ட முள் இங்கே சதுர முள் துளையில் நுழையாது, மாற்றுப் பிளக் ஒன்று கையில் இருக்க வேண்டும். கைப்பேசிச் செயலி என்றால் விமான நிலையில் போட்டுவிடுங்கள்; ஆலாபனை நடுவில் ‘அம்மா அழைக்கிறார்’ என்று வந்து நிற்கும்.

மேடை 12 அடிக்கு 8 அடி, உயரம் 2 அடி போதும். உள்ளே வெற்றிடமான பலகை மேடை தானே ஒரு தொப்பி மாதிரி முழங்கும், ஜமுக்காளத்தை இரட்டையாக விரியுங்கள். மிருதங்கக்காரர் வலக்கையா இடக்கையா என்றும் கேட்டு வையுங்கள். வலக்கைக்காரர் பாடகரின் வலப்புறம் உட்கார்ந்தால் வலந்தலை சபையைப் பார்க்கும்; இடக்கைக்காரர் என்றால் வயலினோடு இடம் மாறும், மைக்கும் மாறும். மேடையில் திரை தூக்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது அழகாக இருக்காது.

தேதி. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை அதிகம். தகரக் கூரை மண்டபத்தில் மழை விழுந்தால் எந்த ஒலிபெருக்கியும் அதை வெல்லாது. இலவசமாகக் கிடைக்கிறது என்று அதை எடுக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள், ஆனால் தைப்பூச வாரத்தைத் தவிருங்கள். 2017 முதல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெள்ளி ரதத்தோடு தங்க ரதமும் புறப்படுகிறது. அந்த வாரம் நாகஸ்வரக் குழுவும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது.

நேரம். இங்கே மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.45க்கும் நடுவில் வரும். குயின் ஸ்திரீட் பக்கம் மண்டபம் என்றால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் கூப்பிடு தூரம். நாகஸ்வரம் 6.15க்குத் தொடங்கி 6.50க்கு முடியட்டும். அந்த இடைவெளியில் சிற்றுண்டி, சுருதி சேர்ப்பு. 7.45க்கு வர்ணம். இஷா (இரவுத் தொழுகை) பாங்கு கச்சேரி நடுவில் வரும். அன்றைய நேரத்தைப் பார்த்துப் பாடகரிடம் சொல்லிவிட்டால் இரண்டு பாட்டுக்கு நடுவில் அவரே ஒதுக்கிக்கொள்வார். 10.15க்கு மங்களம். சாப்பாட்டு அறையை அதற்கு முன் திறக்கவே கூடாது. தனி ஆவர்த்தனத்தின்போது சாம்பார் வாசனை வந்தால் கணக்குப் பார்க்க மேடையில் நால்வரும், தாளம் போட முன்வரிசையில் இருவரும்தான் மிஞ்சுவார்கள்.

தொடக்கத்தில் பிள்ளைகள் பாட வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். மூன்று பதிகப் பாடல், ஒரு திருப்புகழ், 15 நிமிடம். எல்லாரும் ஒரே கட்டையில். ஆளுக்கொரு மைக் வேண்டாம், இரண்டு மைக்கைப் பார்த்து நின்றால் போதும். உறுமி மேளம் கேட்கும் தம்பிகளுக்கு: தாராளமாக, நாகஸ்வரத்துக்கு முன் வாசலில் 20 நிமிடம். கச்சேரிக்குப் பிறகு வைத்தால் அக்கம்பக்கத்தார் காவல்துறையைக் கூப்பிடுவார்கள்.

அனுமதி வேலையை இன்றே தொடங்குங்கள். ஊரிலிருந்து கலைஞர் வந்தால் புஸ்பால் அனுமதியும் (வெளிநாட்டுக் கலைஞருக்கான அரசு அனுமதி) அதற்குரிய விசாவும் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து ‘சும்மா ஒரு பஜனை’ என்று மேடையேற்றும் யோசனை யாருக்காவது இருந்தால், மாட்டினால் தண்டனை வித்வானுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வர இயலாதவர்களுக்கு நேரலை உண்டு. 7.45 என்பது ஊரில் மாலை 5.15, லண்டனில் குளிர்காலமானால் காலை 11.45. கலவைப் பெட்டியின் முதன்மை வழியிலிருந்து அப்படியே எடுத்து நேரலைக்கு அனுப்பினால் மிருதங்கமே இருக்காது. சிறிய மண்டபத்தில் அது தானாகவே கேட்பதால் அந்த வழியைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். தனி ‘ஆக்ஸ்’ வழியில் எல்லா மைக்கையும் வேறு அளவில் கலந்து கொடுக்கச் சொல்லி, ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதை மட்டும் பார்க்க வேண்டும். பாட்டுரிமை பற்றிக் கேட்ட மாமாவுக்கு: மும்மூர்த்திகளுக்கு (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) பிரச்சினை இல்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு மலேசியச் சட்டப்படி 50 ஆண்டு முடிந்துவிட்டது, இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு இன்னும் முடியவில்லை. 1987இல் மறைந்த பெரியசாமித் தூரனுக்கு இரண்டு நாட்டிலும் அந்த ஆண்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை. பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிவிட்டால் எதற்கு அனுமதி கேட்பது என்று தெரியும்.

மேடையைக் கலைக்கும் தொண்டர்களுக்கு ஒன்று. மிருதங்கக்காரர் ரவையைச் சுரண்டித் தோலைத் துடைத்து ஆறவிடும்வரை ஏசியையோ விளக்கையோ அணைக்காதீர்கள். ஈரத் தொப்பியை உறைக்குள் போட்டுக் கட்டினால் மறுநாள் கோலாலம்பூர் போய்ச் சேருவதற்குள் நாறிவிடும். அந்த ரவைக்கு ஒரு பழைய தாள் வேண்டும்; சென்றமுறை அழைப்பிதழ் மிச்சம் நிறைய இருக்கிறது.

பினாங்கிலிருந்து,
கச்சேரி ஏற்பாட்டுப் பொறுப்பு